தூரமா, இருட்டா: பிரிட்ஜ் கேமராவா தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரா என்று முடிவெடுக்கும் முறை

மலேசியாவின் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, கோல சிலாங்கூர் போன்ற தோட்டப்புற நகரங்களில் முதன்முதலாக நல்ல கேமரா ஒன்று வாங்க நினைப்பவர், பெரும்பாலும் இரண்டு பொருள்களுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார். ஒன்று, லென்ஸைக் கழற்ற முடியாத, மிக நீண்ட ஸூம் கொண்ட பிரிட்ஜ் கேமரா. மற்றொன்று, லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர். கையிலிருக்கும் வெள்ளி (ரிங்கிட்) இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்னும்போது, பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து முடிவெடுப்பது எளிது. ஆனால் முடிவு வர வேண்டிய இடம் அதுவல்ல. இந்த ஊர்களில் நாம் எடுக்கும் படங்கள் எவை என்பது நமக்கே தெரியும்: தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டி, மாரியம்மன் கோவில் திருவிழா, இரவு இரத ஊர்வலம், மண்டபத்துத் திருமணம், விடுமுறை நாளில் ஆற்றங்கரைப் பறவை. இவை ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வெளிச்சத்தில் நடக்கின்றன என்று எண்ணிப் பார்த்தாலே முடிவின் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

முதலில் சென்சாரைப் பற்றி, அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லைப் பற்றித் தெளிவு வேண்டும், ஏனெனில் மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன. நிக்கான் பி900, பி950, பி1000, கேனன் எஸ்எக்ஸ்70 போன்ற பிரிட்ஜ் கேமராக்களில் இருப்பது 1/2.3 அங்குல வகைச் சென்சார். அது ஏறத்தாழ 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் கொண்டது, அதாவது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரில் இருப்பது ஏபிஎஸ்-சி வகைச் சென்சார். நிக்கானில் அது 23.5 × 15.6 மி.மீ., கேனனில் 22.3 × 14.9 மி.மீ. பரப்பளவைக் கணக்கிட்டால் பன்னிரண்டு, பதின்மூன்று மடங்கு வேறுபாடு வரும். ஒரே காட்சியை, ஒரே ஒளித்துளையில், ஒரே ஷட்டர் வேகத்தில் எடுத்தால், பெரிய சென்சார் அத்தனை மடங்கு கூடுதல் ஒளியைச் சேர்த்துக்கொள்கிறது. நண்பகல் வெயிலில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது, ஏனெனில் ஒளிக்கு அங்கே பஞ்சமில்லை. விளக்கு வெளிச்சத்துக்குள் நுழைந்ததும் அது முகத்தில் அறையும்.

அப்படியானால் சின்னச் சென்சாரை ஏன் வைக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை, ஸூமில் இருக்கிறது. 2015இல் வந்த பி900இன் லென்ஸ் 24 முதல் 2000 மி.மீ. வரை எட்டுவதாகக் குறிக்கப்படுகிறது. 2018இல் வந்த பி1000 3000 மி.மீ. வரை போகிறது. இவை முழுச்சட்டகக் கேமராவுக்கு (35 மி.மீ. பிலிம் அளவுச் சென்சார் கொண்டது) ஈடாகச் சொல்லப்படும் அளவுகள். பி900 லென்ஸின் உண்மையான குவியத் தூரம் நீண்ட முனையில் 357 மி.மீ. மட்டுமே, சென்சார் சிறியது என்பதால் அது 2000க்கு ஈடான குறுகிய காட்சியைத் தருகிறது. டிஎஸ்எல்ஆரில் அதே குறுகலான காட்சியைப் பெற வேண்டுமானால் 1250 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ் தேவைப்படும். அதை வாங்குவதைப் பற்றி நம்மில் எவரும் பேச வேண்டியதில்லை. ஆகவே தூரத்துப் பொருளைப் பகல் வெளிச்சத்தில் எடுப்பதில், அந்த விலையில் பிரிட்ஜ் கேமராவுக்குப் போட்டியே கிடையாது என்பதை டிஎஸ்எல்ஆர் ஆதரவாளர்கள் தயங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம்: ‘83 மடங்கு’, ‘125 மடங்கு’ என்பவை அகன்ற முனைக்கும் நீண்ட முனைக்கும் உள்ள விகிதமே தவிர, பொருள் கண்ணுக்குத் தெரிவதைவிட அத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்று பொருளல்ல.

கடையில் விற்பவர், “அண்ணே, இதுல நிலாவே தெளிவா விழும்” என்று சொல்லிக் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுவார். படம் உண்மைதான். ஆனால் நிலா இரவில் தெரியும் பொருளாக இருந்தாலும், நேரடிச் சூரிய ஒளி விழும் பொருள். ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறனின் அளவு) 100இல், எஃப் 11இல் (ஒளித்துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது), நூறில் ஒரு வினாடி வெளிச்சமே முழுநிலவுக்குப் போதும். நிலாப் படம் அழகாக வருவது, அந்தக் கேமரா இருட்டில் நன்றாக எடுக்கும் என்பதற்குச் சான்றாகாது. அதே கேமராவில் கடைக்குள்ளேயே, குழல்விளக்கு வெளிச்சத்தில் நிற்கும் ஒருவரின் முகத்தை எடுத்துத் தரச் சொல்லி, படத்தை நூறு விழுக்காடு பெரிதாக்கிப் பார்ப்பது அதைவிடப் பயனுள்ள சோதனை.

இந்தச் சோதனையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், நம் குடும்பங்களின் முக்கியமான நேரங்கள் பெரும்பாலும் விளக்கு வெளிச்சத்தில்தான் நடக்கின்றன என்பதே. மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேடை மட்டும் வெளிச்சமாக இருக்கும். பக்கவாட்டில் நிற்கும் அத்தையும் மாமாவும் அரையிருட்டில் இருப்பார்கள். பிரிட்ஜ் கேமரா ஐஎஸ்ஓவை உயர்த்தும். உயர்த்தியதால் வரும் புள்ளிகளை மறைக்கத் தானே படத்தை மழுக்கும். அப்போது நெற்றிச்சுட்டியின் கற்கள், கூந்தல் இழைகள், பட்டுச் சேலையின் ஜரிகை வரிகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து தட்டையாகிவிடும். மாநிற முகமும் கருநிற முகமும் படத்தின் இருண்ட பகுதியில் அமைவதால், புள்ளிகள் முதலில் தெரிவதும் அங்கேதான். கைப்பேசியில் பார்க்கும்போது இது உறுத்தாது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட அச்சிடும்போது தெரியும்.

டிஎஸ்எல்ஆர் வாங்கினால் மட்டும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுவதாக நினைப்பதும் தவறு. பெட்டியோடு வரும் 18–55 மி.மீ. கிட் லென்ஸ், அகன்ற முனையில் எஃப் 3.5 அல்லது 4 வரையும் நீண்ட முனையில் எஃப் 5.6 வரையும்தான் திறக்கும். மேடையில் நிற்பவரின் முகத்தை நெருக்கமாக எடுக்க 55க்குத் திருப்பினால், எஃப் 5.6 ஆகிவிடும், பெரிய சென்சார் தந்த சாதகத்தில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடுகிறது. இந்த இடத்தில்தான் இரண்டாவது லென்ஸின் அவசியம் வருகிறது. கேனனில் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம், நிக்கானில் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8ஜி ஆகிய இரண்டும் விலை குறைந்தவை, எடை குறைந்தவை, பழைய பொருள் சந்தையிலும் தாராளமாகக் கிடைப்பவை. எஃப் 5.6இலிருந்து எஃப் 1.8க்குப் போகும்போது உள்ளே வரும் ஒளி ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ 6400, முப்பதில் ஒரு வினாடி என்று திணறிய அதே மேடையை, இந்த லென்ஸில் ஐஎஸ்ஓ 2000, நூறில் ஒரு வினாடி என்று எடுக்கலாம். மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மண்டபத்துக் குழல்விளக்குகளின் கீழ் நூறில் ஒரு வினாடி அல்லது ஐம்பதில் ஒரு வினாடி வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக இருள் விழுவதும் குறையும்.

இதனால் என் கணக்கு இப்படி அமைகிறது: டிஎஸ்எல்ஆரின் விலையை எழுதும்போது, பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) கிட் லென்ஸும் சேர்ந்த விலையை எழுதாமல், எஃப் 1.8 லென்ஸையும் சேர்த்த விலையையே எழுத வேண்டும். அந்த லென்ஸுக்குப் பணம் இல்லையென்றால், புதிய பாடியைக் கைவிட்டுப் பழைய பாடியை வாங்கி, மிச்சத்தில் லென்ஸை வாங்குவது நல்லது. கிட் லென்ஸோடு நின்றுபோன டிஎஸ்எல்ஆர்கள் நம் ஊர்களில் பல வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றின் உரிமையாளர்கள் கைப்பேசிக்கே திரும்பிவிட்டார்கள்.

கைப்பேசியைச் சொன்னதால் ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரிட்ஜ் கேமராவின் அகன்ற முனையில் எடுக்கும் படம், நல்ல கைப்பேசி எடுக்கும் படத்தைவிட மேலானதாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அசையாத காட்சியை இரவில் எடுப்பதில் கைப்பேசி, பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும் உத்தியால், முந்திக்கொள்வதும் உண்டு. எனவே பிரிட்ஜ் கேமராவுக்குக் கொடுக்கும் பணம் ஏறக்குறைய முழுவதும் ஸூமுக்குக் கொடுக்கும் பணமே. ஸூம் தேவைப்படாதவர் அதை வாங்க வேண்டியதில்லை.

தேவைப்படுகிறவர் யார்? கோல சிலாங்கூர் வட்டாரத்தில் பறவை பார்ப்பவர் முதலில் நினைவுக்கு வருகிறார். இயற்கைப் பூங்காவின் சதுப்பில் அக்கரையில் நிற்கும் நாரை, கம்பிமேல் அமர்ந்த மீன்கொத்தி, செம்பனை மட்டையில் ஒதுங்கிய கழுகு ஆகியவற்றைக் காலை எட்டு மணி வெயிலில் எடுப்பதற்கு பி900 அல்லது பி950 கச்சிதமான கருவி. அதிலும் பி950ஐயே பரிந்துரைப்பேன், ஏனெனில் பி900இல் இல்லாத ‘ரா’ கோப்பு (கேமரா திருத்தாத மூலப் பதிவு) வசதி அதில் உண்டு. வெள்ளைக் கொக்கின் இறகில் வெளிச்சம் மிஞ்சிப்போனாலும் பின்னர் ஓரளவு மீட்கலாம். பத்து, பதினொரு மணிக்குமேல் முழு ஸூமில் எடுப்பதில் பயனில்லை. தோட்டத்துச் செம்மண் சாலையிலிருந்து எழும் வெப்பக்காற்று நடுவில் அலையடிப்பதால், எவ்வளவு நல்ல லென்ஸானாலும் படம் கலங்கிப்போகும். புகைமூட்டக் காலத்தில் காலையிலேயே அந்த நிலைதான். புக்கிட் மெலாவத்தியின் இலைக்குரங்குகளுக்கு ஸூமே வேண்டாம். அவை நம் கைப்பையைத் தேடி அருகில் வந்துவிடும்.

ஆனால் பறக்கும் பறவை வேறு கதை. ஆற்றுக்குமேல் வட்டமிட்டுச் சட்டென்று நீரை நோக்கிப் பாயும் செம்பருந்தை எடுக்க முயன்றால், பெரும்பாலான பிரிட்ஜ் கேமராக்களில் இரண்டு தடங்கல்கள் வரும். மின்னணு வ்யூஃபைண்டரில் தெரியும் காட்சி கணநேரம் பிந்தி வருகிறது. குவியம் தேடும் முறையும் மெதுவாக முன்னும் பின்னும் தடவிப் பார்க்கிறது. டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி வழியே பார்க்கும் காட்சிக்குப் பிந்துதல் கிடையாது. குவியமும் கட்ட வேறுபாட்டு (phase detection) முறையில் நேராக இடத்தைப் பிடிக்கிறது. பள்ளி விளையாட்டுப் போட்டியில் நூறு மீட்டர் ஓட்டத்தின் முடிவுக்கோட்டை எடுப்பதற்கும் இதே வாதம் பொருந்தும். திடலின் ஓரத்தில் நிற்கும் பெற்றோருக்கு 2000 மி.மீ. தேவைப்படாது, நிக்கானின் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70–300 மி.மீ. விஆர் லென்ஸ் 450 மி.மீ.க்கு ஈடாகவும், கேனனின் 55–250 மி.மீ. ஐஎஸ் எஸ்டிஎம் லென்ஸ் 400 மி.மீ.க்கு ஈடாகவும் எட்டும், அதுவே தாராளம். ஷட்டர் வேகத்தை ஆயிரத்தில் ஒரு வினாடியில் வைத்தால் ஓடும் கால்கள் உறைந்து நிற்கும். ஆக, தூரத்தோடு வேகமும் சேர்ந்தால் தராசு மறுபடியும் டிஎஸ்எல்ஆர் பக்கம் சாய்கிறது.

தூரமும் இருட்டும் சேர்ந்தால் என்ன செய்வது என்று கேட்பவருக்கு, நம் தோட்டங்களிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. எலிகளைக் கட்டுப்படுத்துவதற்காகச் செம்பனைத் தோட்டங்களில் கூகைகளுக்குக் கம்பத்தில் பெட்டி பொருத்தி வைப்பார்கள். மாலை ஏழரை மணிக்குமேல், மரங்களுக்குக் கீழே நிழல் கெட்டியான பிறகு, கூகை பெட்டியின் வாயில் வந்து அமரும். பிரிட்ஜ் கேமரா பெட்டியை நிறைவாகச் சட்டகத்துக்குள் கொண்டுவரும். ஆனால் அந்த முனையில் ஒளித்துளை எஃப் 6.5 ஆகச் சுருங்கியிருப்பதால், முகம் புள்ளிக் கூட்டமாக வரும். டிஎஸ்எல்ஆரில் 300 மி.மீ. வைத்தால் கூகை சிறிதாக இருக்கும், அதுவும் எஃப் 6.3தான். இந்தப் படத்துக்கு நம் பணத்தில் கருவி கிடையாது. அமைதியாக நின்று பார்த்துவிட்டு வருவதே சரி. பறவையின் கண்ணில் பிளாஷ் அடிப்பதை மட்டும் எவரும் செய்ய வேண்டாம். கம்போங் குவாந்தான் மின்மினிகளும் ஏறத்தாழ இதே வகை: படகு ஆடிக்கொண்டே இருப்பதால் ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைக்க முடியாது, எந்தக் கேமராவைக் கொண்டுபோனாலும் ஏமாற்றமே.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை உண்டு. பானாசோனிக் எஃப்இசட்1000, சோனி ஆர்எக்ஸ்10 வரிசை ஆகியவை லென்ஸ் மாற்ற முடியாத பிரிட்ஜ் கேமராக்களே. ஆனால் அவற்றின் சென்சார் 13.2 × 8.8 மி.மீ. கொண்ட ஓரங்குல வகை, அதாவது சாதாரண பிரிட்ஜ் கேமராவுடையதைப் போல் நான்கு மடங்கு. 2014இல் வந்த எஃப்இசட்1000, 25 முதல் 400 மி.மீ. வரை எஃப் 2.8–4 லென்ஸோடு வருகிறது. திருவிழா, பள்ளி, பயணம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே கருவி வேண்டும், லென்ஸ் மாற்றும் பொறுமை இல்லை என்பவருக்குப் பழைய எஃப்இசட்1000 ஒன்றைத் தேடிப் பிடிப்பதே என் பரிந்துரை. சோனி நல்லதுதான், விலை வேறு உலகம்.

காணொளி எடுப்பவர் கேனன் 200டி அல்லது 200டி மார்க் 2 பக்கம் பார்க்கலாம். உறுமி மேளக் குழுவின் ஆட்டத்தைத் தொடர்ந்து குவியத்தில் வைத்திருக்கும் டூயல் பிக்சல் வசதி அவற்றில் உண்டு, 1500டியில் இல்லை. எடையைப் பற்றிய பொதுவான அச்சம் பாதி பொய்: பி1000 ஏறத்தாழ 1,415 கிராம், நிக்கான் டி3500ஐயும் அதன் 18–55, 70–300 லென்ஸ்கள் இரண்டையும் சேர்த்து நிறுத்தாலும் அதைவிடக் குறைவாகவே வரும். பேட்டரியில் டி3500 வெகுதூரம் முன்னே நிற்கிறது. தர அளவீட்டின்படி ஒரு முறை ஏற்றினால் 1,550 படங்கள், பி900க்கு முன்னூற்றுச் சொச்சமே. திருமண வீட்டில் முழுநாள் நிற்பவர் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரில் புதிய மாடல்கள் வருவது நின்றுவிட்டதால், பழைய பொருளாக வாங்குவதே இன்று நடைமுறை. நிறுவனங்கள் கண்ணாடியில்லாக் (மிரர்லெஸ்) கேமராவுக்கு மாறிவிட்டன என்பதால் லென்ஸுக்குப் போடும் பணம் வீணாகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கேனன் இஎஃப் லென்ஸ்களை ஆர் வரிசையிலும், நிக்கானின் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்களை இசட் வரிசையிலும் இணைப்பி வைத்துத் தானியங்கிக் குவியத்தோடு பயன்படுத்தலாம். நிக்கான் டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் குவிய மோட்டார் இல்லாததால், மலிவாகக் கிடைக்கும் பழைய 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸ் அவற்றில் தானாகக் குவியாது. டி3200, டி3100 போன்ற பழைய பாடிகளில் ஏஎஃப்-பி லென்ஸும் குவியாது. வாங்கும் முன் இவ்விரண்டையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கடையிலோ விற்பவர் வீட்டிலோ பழைய கேமராவைச் சோதிக்கும்போது ஒரு சிறிய டார்ச் விளக்கைக் கையில் வைத்திருங்கள். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கமிருந்து வெளிச்சம் பாய்ச்சி, மறுபக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி இழையைப் போன்ற கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில் பூட்டிவைத்த கேமராவுக்கு இது வராமல் இருப்பதே அரிது. டிஎஸ்எல்ஆரில் ஒரு லென்ஸுக்குப் பூஞ்சை வந்தால் அந்த லென்ஸை விட்டுவிடலாம். பிரிட்ஜ் கேமராவில் வந்தால் கேமராவே போயிற்று, ஏனெனில் கழற்றிச் சுத்தம் செய்யும் கூலி பொருளின் மதிப்பைத் தொட்டுவிடும். அடுத்து, டிஎஸ்எல்ஆரில் எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்து, சென்சாரில் தூசிப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். தூசி குறையல்ல, விலையைக் குறைத்துப் பேச ஒரு காரணம். ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதைக் கேளுங்கள். பிரிட்ஜ் கேமராவில் ஸூமை முழுவதும் நீட்டி, முழுவதும் சுருக்கி, உறுமும் ஓசையோ தடுக்கலோ இருக்கிறதா என்று கவனியுங்கள். நீட்டிய நிலையில் குழல் ஆடினால் வாங்க வேண்டாம்.

வாங்கிய பிறகு துணி அலமாரியில் வைக்காதீர்கள். டிரை கேபினட் வாங்க முடியாதவர், காற்றுப் புகாத நெகிழிப் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பத மானியும் போட்டு, அளவு 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு பார்த்துக்கொண்டால் போதும். அரிசிப் பானைக்குள் வைக்கும் பழக்கம் வேண்டாம், அரிசித் தூள் லென்ஸ் வளையத்துக்குள் போய்விடும். குளிர்சாதனக் காரிலிருந்து கோவில் வாசலில் இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படரும். பையை மூடியபடியே பத்து, பதினைந்து நிமிடம் வெளிக்காற்றில் வைத்துவிட்டு எடுக்க வேண்டும்.

புதிதாக வாங்குபவர், அது மலேசிய உத்தரவாதம் உள்ள பொருளா, அந்த உத்தரவாதம் இல்லாமல் வேறு வழியில் இறக்குமதியான ‘ஏபி செட்’டா என்று விலை பேசும் முன்பே கேட்டுவிடுங்கள். ஏபி செட் மலிவாக இருக்கும், அதில் தவறில்லை; ஆனால் ஸூம் மோட்டார் பழுதானால் பொறுப்பு கடைக்காரருடையது மட்டுமே என்பதால், அந்த விலைக் குறைவைப் பிரிட்ஜ் கேமராவுக்கு நான் ஏற்கமாட்டேன், டிஎஸ்எல்ஆர் பாடிக்கு ஏற்பேன். எதை வாங்கினாலும், கேமராவின் அடியிலுள்ள வரிசை எண்ணையும் கடை உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதையும் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லி, கடையை விட்டுப் போகும் முன் கேமராவிலுள்ள வரிசை எண்ணும் பற்றுச்சீட்டிலுள்ள வரிசை எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.